ஹெட் கேஸ்கெட்டை நானே மாற்றினேன், இப்போது வண்டி சூடாகிறது. மறுபடி ஹெட்டைக் கழற்ற வேண்டுமா?

கேட்டவர் குன்னூர்க்காரர். பழைய டாடா 407 லாரியின் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் கசிவு இல்லாமல் அடைக்கும் தகடு) வீட்டு வாசலிலேயே வைத்து மாற்றியிருக்கிறார். அதிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது, வெள்ளைப் புகை வருகிறது, லோடோடு மேடு ஏறினால் சூட்டு முள் மேலே போகிறது, இழுவையும் குறைந்துவிட்டது என்கிறார்.

ஹெட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் சொன்ன நான்குமே, கேஸ்கெட் நன்றாக உட்கார்ந்திருந்தாலும் வரக்கூடியவை. நானும் கோத்தகிரியில் அதே வகை வண்டி வைத்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட், கோஸ் ஏற்றுகிறேன். அவசரப்பட்டு நல்ல ஹெட்டை மறுபடி கழற்றப் போனவன் என்பதால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக். டீசல் வண்டியில் பிரேக் மிதியை இலகுவாக்கும் வேக்குவத்தை, அதாவது வெற்றிடத்தை, தனியாக ஒரு பம்ப் தருகிறது. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே இருக்கும், எஞ்சின் ஆயிலும் அதற்குள் ஓடும். ஹெட் வேலைக்காக ஆல்டர்னேட்டரையோ அந்த ஹோஸையோ தள்ளி வைத்திருந்தால் திரும்ப இறுக மாட்டினீர்களா என்று பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள், மிதி இறுகிவிடும். அப்படியே மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் மிதி கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் வண்டி வாசலை விட்டு நகரக் கூடாது. குன்னூரிலிருந்து பர்லியார் வழியாகக் கல்லாறு வரை இறக்கம்தான், அதில் மிதி கல்லாக இறுகினால் பிடிக்க எதுவும் இல்லை. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று மிதிக்குள் வேக்குவம் தீர்ந்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சரி, சூட்டுக்கு வருவோம். நான் கேஸ்கெட் மாற்றிய பிறகு, மேட்டுப்பாளையத்தில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு வரும்போது குஞ்சப்பனை தாண்டியதும் முள் ஏறியது. நிறுத்தி, ஆறவிட்டு ரேடியேட்டரைப் பார்த்தால் தண்ணீர் குறைந்திருந்தது. ஊற்றிக் கிளம்பினேன். அரவேணுவில் மறுபடி அதே கதை, இந்த முறை தண்ணீர் குமிழி விட்டுக் கொதிக்கும் சத்தமும் கேட்டது. குமிழி என்றாலே கேஸ்கெட் போச்சு என்று மனது முடிவு கட்டிவிட்டது. மறுநாள் ஹெட்டின் மேலிருக்கும் ராக்கர் மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தவர், ரேடியேட்டர் மூடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அதன் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் கிழிந்திருப்பதைக் காட்டினார். வேலை செய்தபோது நானே எங்கோ வைத்து மிதித்திருக்கிறேன்.

மலையில் இந்த மூடிக்கு இருக்கும் மதிப்பு சமவெளியில் இல்லை. மேட்டுப்பாளையத்தில் தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கும். 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரியில் அதுவே 94 டிகிரி, ஊட்டியில் சுமார் 93. எஞ்சினோ 80, 90 டிகிரியில்தான் ஓடுகிறது. 0.9 பார் மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் கோத்தகிரியிலும் கொதிநிலை 115 டிகிரி வரை போகும். அழுத்தம் பிடிக்காத மூடியோடு லோடு இழுத்தால் மிஞ்சுவது நாலைந்து டிகிரி இடைவெளிதான், ஒரு கொண்டை ஊசி வளைவு போதும். முதலில் உங்கள் வண்டிக்குரிய அழுத்த அளவில் புது மூடி போடுங்கள். கூலன்ட் கலந்து ஊற்றினால் கொதிநிலை இன்னும் கொஞ்சம் உயரும், ஊட்டிப் பக்கத்து உறைபனிக்கும் நல்லது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். நீராவி முகத்தில் அடிக்கும்.

அடுத்தது ஏர் லாக். தண்ணீர் முழுவதும் வடித்துவிட்டு வேகமாக ஊற்றியிருந்தால் ஹெட்டுக்குள் காற்று தங்கியிருக்கும். நம் ஊரில் சரிவுக்குப் பஞ்சமில்லை, வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் அடை கொடுத்து, மூடி திறந்தபடி மெதுவாக ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸ் சுடும் வரை ஓடவிட்டுக் குறைவதை நிரப்புங்கள். மறுநாள் ஆறிய எஞ்சினில் இன்னொரு முறை பாருங்கள், நிச்சயம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

காலை ஸ்டார்ட்டிங் தாமதத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது டீசல் லைனில் காற்று. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, ராத்திரியில் காற்றை உள்ளே இழுக்கும். அதனால் ஈரம் தேடி ஏமாறாதீர்கள். டீசல் குழாயை இணைக்கும் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டில் பழைய செப்பு வாஷரையே திரும்பப் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று சுத்த டீசல் வரும் வரை காற்றை எடுங்கள்.

வெள்ளைப் புகையை மூக்கால் பிரிக்கலாம். கண் எரிந்து டீசல் வாடை வந்தால் எரியாத டீசல். குளிர்காலக் காலையில் எஞ்சின் சூடாகும் வரை ஓரளவு வருவது இயல்புதான். சூடான பிறகும் வெள்ளையாகவே வந்து, தண்ணீரும் குறைந்தால்தான் கவலை. ஆயில் மூடியின் அடியில் பால் ஆடை போலப் படிந்திருப்பதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். குளிரில் கொஞ்ச தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் அப்படித் தங்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயிலே பால் டீ நிறமாக இருந்தால் அது வேறு, ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது.

இழுவைக்கு டேப்பட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். ஹெட் போல்ட்டை இறுக்கினாலே இடைவெளி மாறும். இறுக்கமாகிவிட்ட வால்வு சூட்டில் முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போய்விடும், ஸ்டார்ட்டிங்கும் கெடும். 1-3-4-2 வரிசையில் எரியும் எஞ்சினில் நாலாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் சேர்ந்து ஆடும்போது ஒன்றாவதைச் சரிசெய்யலாம், மூன்றாவது ஆடும்போது இரண்டாவதை. திருப்பியும் அப்படியே. அளவு உங்கள் எஞ்சின் புத்தகத்தில் இருப்பதுதான். அப்புறம் ஒன்று, டர்போ இல்லாத எஞ்சின் 1,000 மீட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். சமவெளி வண்டியோடு ஒப்பிடாமல், இதே மேட்டில் முன்பு எந்த கியரில் ஏறியது என்று பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் என்றால் ஒரு சோதனை. ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினை ரேடியேட்டர் மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். குளிர்ந்த தண்ணீர் கொதிக்காது, ஆகவே அப்போது வரும் குமிழி கொதிப்பு அல்ல. தங்கிய காற்று என்றால் சில நிமிடங்களில் நின்றுவிடும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, மூடி போட்டு ஓட்டியதும் ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் போல இறுகினாலோ, கேஸ்கெட் வழியாகத்தான் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது.

அப்போது ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் புது கேஸ்கெட்டை மட்டும் போட்டு மூடாதீர்கள். ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமமாக இருக்கிறதா, விரிசல் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிளாக்கில் போல்ட் இறங்கும் துளைகளைத் துணியால் துடைத்துக் காற்றடித்துக் காயவிடுங்கள். பலர் விடுவது இதைத்தான். அடிமூடிய துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் அதன் மேல் முட்டி நிற்கும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று சொல்லும், ஹெட் மட்டும் இறுகியிருக்காது. சில சமயம் பிளாக்கே விரிந்துவிடும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள், கை மதிப்பில் வேண்டாம்.

எல்லாம் பார்த்து முடித்ததும் கீழே இறங்கிச் சோதிக்காதீர்கள். காலி வண்டியில் அருவங்காடு, எல்லநள்ளி வழியாக ஊட்டிக்கு ஏறுங்கள். சுமார் 19 கிலோமீட்டர், ஏறக்குறைய 400 மீட்டர் உயரம், நடுவில் நிறுத்தவும் இடம் உண்டு. முள் எங்கே நின்றது, மறுநாள் காலை தண்ணீர் எவ்வளவு இறங்கியிருந்தது என்று எழுதுங்கள். டேப்பட்டில் குழப்பம் வந்தாலும் கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.