வால்வு ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பெனிப் பெயர்தான் முக்கியமா? ஊரிலேயே கட்டினால் போதாதா?

கேள்வியைப் பார்த்தால், உங்கள் பழைய செட்டில் வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது, "வெளிநாட்டுப் பெயர் போட்டது கிடைக்காவிட்டால் செட்டைத் தூக்கிப் போடுங்கள்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. தூக்கிப் போடாதீர்கள். எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

பெரிய பெயர்கள் எல்லாம் வெறும் விளம்பரம் என்று நான் சொல்லவில்லை. 1947-இல் வில்லியம்சன் என்ற பொறியாளர் வெளியிட்ட ஆம்ப்ளிஃபயரில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் உள்ளே சேர்த்து 20 டெசிபல் பின்னூட்டம் (வெளிவரும் சிக்னலில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விட்டுத் திரிபைக் குறைப்பது) கொடுத்திருந்தார். டிரான்ஸ்ஃபார்மர் மட்டமாக இருந்தால் அந்தச் சர்க்யூட் பாடாது, தானாக ஊளையிடும். அதற்கு ஈடுகொடுக்கும்படி கட்டித்தான் பார்ட்ரிட்ஜ் என்ற டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனி பெயர் வாங்கியது. அது நியாயமான பெயர். ஆனால் அதைச் சம்பாதித்தது கம்பியைக் கட்டிய முறை. மேலே ஒட்டிய தாள் அல்ல.

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பச்சி பினாங்கிலிருந்து கொண்டுவந்த ரேடியோகிராம் (ரேடியோவும் இசைத்தட்டுக் கருவியும் சேர்ந்த பெட்டி) வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், இருந்தது. இரண்டு ஈஎல்84 வால்வுகள், புஷ்-புல் (ஒன்று தள்ள மற்றது இழுக்கும் ஜோடி). இலங்கை வானொலியை அதில்தான் ஊரே கேட்டது. ஒருநாள் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி, அதாவது வால்வுப் பக்கத்துச் சுற்று, அறுந்துபோனது. வெளியூரில் ஒருவர், பெயர் பொறித்த டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிய விலைக்கு அனுப்பினார். பேச்சு நன்றாகவே கேட்டது. நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டதும் குட்டு வெளிப்பட்டது. தவிலில் கனத்த ஒலி தரும் பக்கமான தொப்பியில் அடி விழும் இடமெல்லாம் கரகரப்பு; கூடவே நாயனமும் நசுங்கியது.

காரணம் எளிது. அதே வோல்டேஜில் அதிர்வெண் பாதியானால் டிரான்ஸ்ஃபார்மரின் நடுவிலுள்ள இரும்புக்குள் காந்தப் பாய்வு இரட்டிக்கும். இரும்பு போதாவிட்டால் தாழ்ந்த சுரத்தில் தெவிட்டிவிடும், அதற்குமேல் பாய்வைத் தாங்காது. பிரித்தும் பார்த்தோம். பிரைமரி முழுவதையும் ஒரே மொத்தையாகச் சுற்றி, அதன்மேல் ஸ்பீக்கர் பக்கத்துச் சுற்றான செகண்டரியைப் போட்டிருந்தார்கள். அப்படிக் கட்டினால் கசிவுத் தூண்டல் (ஒரு சுற்றின் காந்தப் பாய்வு மற்றதில் சேராமல் நழுவுவதால் வருவது) ஏறி மேல் சுரங்களும் மங்கும்.

கடைசியில் மோட்டார் காயில் கட்டும் ஓர் அண்ணனிடம் போனேன். "கணக்கை எழுதிக் கொடுங்கள் தம்பி, கம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். கணக்கு இதுதான்: வால்வுகளுக்கு 8000 ஓம், ஸ்பீக்கர் 8 ஓம். வகுத்தால் 1000, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 32. ஆகவே சுற்றுகளின் விகிதம் 32-க்கு 1. நல்ல சி.ஆர்.ஜி.ஓ. தகடு (டிரான்ஸ்ஃபார்மருக்கான சிலிக்கான் எஃகு), பழையதைவிடப் பெரிய அடுக்கு. பிரைமரியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இடையிடையே செகண்டரி, நடுவில் காப்புக் காகிதம். பகுதிகளை அளவுக்கு மீறிக் கூட்டினால் சுற்றுகளுக்கு இடையே கொண்மம் (கெபாசிட்டன்ஸ்) ஏறிவிடும், அதற்கும் எல்லை உண்டு. ஒற்றை வால்வு செட்டாக இருந்தால் தகடுகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும். புஷ்-புல்லில் ஈ (E) வடிவத் தகட்டையும் ஐ (I) வடிவத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். அந்த அண்ணன் இதற்குமுன் ஆடியோ வேலை செய்தவர் அல்லர். ஆனால் ஒரு சுற்று மேலே ஏறிப் படுத்தாலும் பிரித்துவிட்டு மறுபடி கட்டினார். இப்போது தொப்பி அடி முழுதாக, உருண்டையாக விழுகிறது. காதால் கேட்டதை மட்டும் வைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம், அலையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பிலும் பார்த்தாயிற்று.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. செட் ஊமையாகக் கிடந்தபோது பழம்பொருள் வாங்க வந்தவர், "ஒரிஜினல் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, மரத்துக்குத்தான் விலை" என்றார். இதே பேச்சைத்தான் எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளைப் பற்றியும் பேசுகிறார்கள். பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், ஓடு ஒழுகுகிறது, உடனே "இனி இது தேறாது" என்று ஒருவர் வந்துவிடுவார். பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் விறகு விலைக்கு லாரி ஏறும். பிறகு எங்கோ ஒரு ஹோட்டலின் வரவேற்பறையில் நிற்கும். ஒழுகும் ஓடுகளை மாற்ற ஒரு கொத்தனார் போதும் என்று ஒருவரும் சொல்வதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எரிந்ததை எறியாதீர்கள். புஷ்-புல் செட்டானால், நடுவில் முனை எடுத்த பிரைமரியில் பெரும்பாலும் ஒரு பாதிதான் அறுந்திருக்கும். அதை செட்டிலிருந்து முழுதாகக் கழற்றி, ஸ்பீக்கர் பக்கத்தில் 1 வோல்ட் ஏசி கொடுத்து, நல்ல பாதியில் எவ்வளவு வருகிறது என்று அளந்து, அதை இரண்டால் பெருக்குங்கள். எங்களுடையதைப் போன்ற செட்டானால் 32-ஐ ஒட்டி வரும். அந்த எண்ணையும் தகட்டின் அளவையும் குறித்துக்கொண்டு வைண்டிங் கடைக்குப் போங்கள். புதியதைப் பொருத்திய பிறகு, ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றிவிட்டு மட்டும் செட்டைச் சத்தமாக ஓட்டாதீர்கள். பிரைமரியில் வோல்டேஜ் எகிறி காப்பைத் துளைத்துவிடும்.