பேரூராட்சிக்கு மானநஷ்டம் உண்டா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு சிற்றூரில் எட்டுப் பக்க மாத இதழ் நடத்துகிறேன். எங்கள் பேரூராட்சியின் குடிநீர்த் தொட்டியை எட்டு மாதமாகக் கழுவவே இல்லை, ஆனால் மாதம் இரண்டு முறை கழுவியதாகப் பதிவேட்டில் எழுதி பிளீச்சிங் பவுடருக்குப் பில் போட்டிருக்கிறார்கள் என்று செய்தி வெளியிட்டோம். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய நகல் கையில் இருக்கிறது. இப்போது பேரூராட்சியின் பெயரில் செயல் அலுவலர் குற்றவியல் அவதூறு வழக்குப் போட்டு, மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் முதல் எதிரி, அச்சடித்துக் கொடுத்த ஈரோட்டு அச்சகக்காரர் இரண்டாம் எதிரி. ஸ்டேஷனில் கூப்பிட்டு 'மன்னிப்பு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க' என்கிறார்கள். 'நமக்கு எதுக்குங்க இந்த வம்பு, எழுதிக் குடுத்துரு சாமி' என்று அப்பாவும் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் ஸ்டேஷன் விஷயம். அவதூறு போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றம் அல்ல. வாரண்ட் இல்லாமல் கைது செய்யவும் முடியாது. ஜாமீனில் விடக்கூடிய குற்றமும்கூட. வழக்கு கோர்ட்டில் இருக்கும்போது ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கும் மன்னிப்புக் கடிதம் நாளை உங்களுக்கு எதிரான ஆவணமாகத்தான் வரும். எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள். அப்பாவிடம் இதை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் பயப்படுவதில் தப்பில்லை. கோர்ட்டுக்கே போகாத குடும்பத்துக்கு அரசு முத்திரை போட்ட ஒரு கவர் வந்தால் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸைப் படித்தேன். அது சம்மன் அல்ல. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223ஆம் பிரிவுப்படி, தனிப்புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே, அதாவது விசாரணைக்கு ஏற்கும் முன்பே, எதிரியின் தரப்பைக் கேட்க வேண்டும். பழைய சட்டத்தில் இந்த வாய்ப்பு கிடையாது. சம்மன் வந்த பிறகுதான் ஓட வேண்டியிருந்தது. இதை வெறும் வாய்தாவாக நினைத்து விட்டுவிடாதீர்கள். வழக்கைத் தொடக்கத்திலேயே நிறுத்தப் பார்க்கும் இடம் இதுதான்.

அங்கே நாம் கேட்கப்போகும் முதல் கேள்வி: புகார் கொடுத்திருப்பது யார்? மனுவில் இருப்பது பேரூராட்சியின் பெயர். செயல் அலுவலர் அதன் சார்பாகக் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார். 1994இல் நக்கீரன் ஆசிரியர் தொடுத்த ஆட்டோ சங்கர் சுயசரிதை வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் அரசு அதிகாரத்தைச் செலுத்தும் பிற அமைப்புகளும் தங்களை அவதூறு செய்ததாக நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்று தெளிவாகச் சொன்னது. அது சிவில் நஷ்டஈடு பற்றிய தீர்ப்பு, குற்றவழக்குக்குப் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதாடும். சட்டத்தில் ஒரு சங்கத்துக்கும் கம்பெனிக்கும் அவதூறு நேரலாம் என்று விளக்கம் இருப்பதையும் காட்டுவார்கள். ஆனால் நஷ்டஈடே கேட்க முடியாத அமைப்பு, அதே செய்திக்காக ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லலாமா? இதைத்தான் நாம் அழுத்திக் கேட்க வேண்டும்.

நம் சேலத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கும் கைகொடுக்கும். 1971 ஜனவரியில் அங்கே நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டின் தீர்மானத்தைத் தவறாகச் செய்தி போட்டார்கள் என்று, வரவேற்புக் குழுத் தலைவர் தி இந்து உள்ளிட்ட நாளேடுகள் மீது புகார் கொடுத்தார். 1972இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. மாநாடு என்பது இன்னார் என்று அடையாளம் காட்ட முடியாத கூட்டம், அதன் சார்பில் அவர் பாதிக்கப்பட்டவர் ஆகமாட்டார் என்பது காரணம். அவதூறு வழக்கில் 'பாதிக்கப்பட்டவர் யார்' என்பதுதான் வாசற்படி.

சரி, செயல் அலுவலர் தன் பெயரிலேயே புகாரைத் திருத்திப் போட்டால்? அவர் மனிதர், அவருக்கு மானம் உண்டு. தனிநபராக மாஜிஸ்திரேட்டிடம் வரலாம். அரசு ஊழியர் தன் அலுவல் பற்றிய விமர்சனத்துக்காக அரசு வழக்கறிஞர் மூலம் வர வேண்டுமானால், அரசின் முன் அனுமதியோடு, வெளியான ஆறு மாதத்துக்குள், செஷன்ஸ் கோர்ட்டில் வர வேண்டும். அந்த வழியையும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது என்று 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜெயலலிதா ஆட்சிக் காலத்தில் நாளேடுகள் மீது போட்ட பல அவதூறு வழக்குகளை அப்போது அது மொத்தமாக ரத்து செய்தது. அரசு வழக்கறிஞர் சொந்தமாக யோசித்துப் பார்த்தே புகார் தாக்கல் செய்ய வேண்டும், அரசு சட்டென்று கோபப்படக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இனி உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய மூன்றாம் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். மேலே உள்ள பத்திகள் கல்லு மாதிரி நிற்கின்றன. பதிவேட்டு நகல் இருக்கிறது. தொட்டித் தூணில் பெயின்டால் எழுதிய 'சுத்தம் செய்த நாள்' எட்டு மாதம் பழசு என்று போட்டோவில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் கடைசி வரி? 'பவுடர் காசை அதிகாரி தின்று ஏப்பம் விட்டார்.' அந்தக் காசு யார் பைக்குப் போனது என்பதற்கு உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. தொட்டி கழுவவில்லை என்பது பொது விவகாரம் பற்றிய உண்மை. அதிகாரி தின்றார் என்பது ஒரு மனிதர் மீது சாட்டிய குற்றம். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் பிடிப்பார். நானாக இருந்தாலும் அதையேதான் பிடிப்பேன்.

அதற்காக மனசு விட வேண்டாம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அவதூறு பற்றிய 356ஆம் பிரிவில் பத்து விதிவிலக்குகள் உண்டு. பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை, அரசு ஊழியரின் அலுவல் நடத்தை பற்றி நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்து எல்லாம் அதில் அடக்கம். இங்கே நல்லெண்ணம் என்றால் மனசு சுத்தம் என்று மட்டும் அர்த்தமில்லை, தக்க கவனத்தோடு விசாரித்தீர்களா என்பது. அதை நிரூபிக்கும் பாரம் நம் மீதுதான், பெரும்பாலும் விசாரணையில்தான் நிரூபிக்க வேண்டிவரும். ஆனால் துளி சந்தேகமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். 1965இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. செய்தி போடும் முன் செயல் அலுவலருக்குப் போன் செய்து விளக்கம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அழைப்பு விவரம் தங்கத்துக்குச் சமம்.

ஒருவேளை தண்டனை என்று வந்தால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் சமூக சேவையும் தண்டனையாக உண்டு. இது குற்றமாகவே இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் 'சட்டம் செல்லும்' என்று விடை சொல்லிவிட்டது. 2025 செப்டம்பரில் நம் ஈரோட்டுக்காரரான நீதிபதி எம்.எம்.சுந்தரேஷ், இதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கும் காலம் வந்துவிட்டது என்று கோர்ட்டில் வாய்மொழியாகச் சொன்னார். கேட்க நிறைவாக இருந்தது. ஆனால் அது தீர்ப்பல்ல, நம் மனுவில் அதை நம்பி நிற்க முடியாது.

மாஜிஸ்திரேட் கோப்பில் எடுத்துவிட்டால் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆம் பிரிவில் ரத்து மனுவோடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். வாய்தாவுக்கு வாய்தா நேரில் வருவதிலிருந்து விலக்கு கேட்டு அதே சட்டத்தின் 228ஆம் பிரிவில் தனி மனு போடலாம். கடையைப் பூட்டிவிட்டு கோர்ட் வராண்டாவில் உட்கார வைப்பதுதான் இப்படிப்பட்ட வழக்குகளில் நிஜமான தண்டனை. அதனால் இந்த மனுவை நான் அலட்சியம் செய்வதே இல்லை.

அந்தக் கடைசி வரிக்கு என்ன வழி? அடுத்த இதழில் 'பணம் யாரிடம் போனது என்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை, அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறோம்; தொட்டி பற்றிய செய்தியில் உறுதியாக இருக்கிறோம்' என்று நீங்களே போடலாம். நானும் வாசகங்களைப் பார்த்த பிறகு போடுங்கள், அவசரப்பட வேண்டாம். தனிநபர் புகார் என்றால் சமரசத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு. நாளைக்குப் பேச்சு வந்தால் இந்தத் திருத்தம் உதவும்.

வாய்தாவுக்கு நான்கு நாள் முன்பே வாருங்கள். தகவல் உரிமைப் பதில் வந்த கவரை அஞ்சல் முத்திரையோடு எடுத்து வாருங்கள். போட்டோ எடுத்த அதே செல்போன் வேண்டும், அதற்கு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவில் சான்றிதழ் தயார் செய்ய வேண்டும். அதுவரை போனில் எதையும் அழிக்காதீர்கள். அச்சகக்காரரையும் கூட்டி வாருங்கள். அவதூறு என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளத் தக்க காரணம் இருந்தோ அச்சடித்தால்தான் அவர் மீது குற்றம். பிளேட் போட்டு இரவோடு இரவாக ஓட்டிக் கொடுத்தவருக்கு உங்கள் மூன்றாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரியுமா என்பதை அவர் வாயாலேயே கேட்க வேண்டும். அவருக்குத் தனியாகப் பதில் தாக்கல் செய்வோம்.