காதின் வழியே போகும் சுவை

கேள்வி: இடது காதில் ஓயாமல் சீழ் வந்ததால், சென்ற கோடையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். காது ஆறிவிட்டது. ஆனால் அன்று முதல் நாக்கின் இடப்பக்கத்தில் இரும்பைச் சப்பியது போன்ற சுவை நிற்கிறது. அந்தப் பக்கத்தில் சர்க்கரையை வைத்தால் இனிப்பே தெரிவதில்லை. சூடும் சில்லிப்பும் மட்டும் தெரிகின்றன. காதுக்கும் நாக்குக்கும் என்ன தொடர்பு ஐயா?
— வாசகி, குடியாத்தம்

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. நீங்கள் சொன்ன கடைசி விவரம், அதாவது சூடு தெரிகிறது, இனிப்பு தெரியவில்லை என்பது, கோளாறு எந்த இடத்தில் என்பதையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நாக்கின் மேற்பரப்பில் தெரியும் சிறு புடைப்புகளுள் சிலவற்றில் சுவை மொட்டுகள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொரு மொட்டிலும் 50 முதல் 100 வரை உயிரணுக்கள் உண்டு. அவை சராசரியாகப் பத்து நாட்களில் உதிர்ந்து, புதியவை முளைக்கின்றன. சூடான காபியில் வெந்துபோன நாக்கு விரைவில் தேறிவிடுவது இதனால்தான். இந்த மொட்டுகளிலிருந்து மூளைக்குச் செல்ல ஒரு நரம்பு அல்ல, மூன்று நரம்புகள் இருக்கின்றன. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கின் சுவையை ஏழாவது மூளை நரம்பான முக நரம்பும், பின் பகுதியின் சுவையை ஒன்பதாவது நரம்பும், தொண்டைக்குள் குரல்வளை மூடியின் அருகே உள்ள மொட்டுகளின் சுவையைப் பத்தாவது நரம்பான வேகஸும் சுமந்து செல்கின்றன.

இவற்றுள் முக நரம்பின் கிளைக்குக் கோர்டா டிம்பனி என்று பெயர். நாக்கிலிருந்து கிளம்பும் இது, தொடுவுணர்வையும் சூட்டையும் கொண்டுசெல்லும் ஐந்தாவது நரம்பின் கிளையோடு சிறிது தூரம் ஒட்டிச் சென்று, பிறகு பிரிந்து நடுச்செவிக்குள் நுழைகிறது. அங்கே செவிப்பறைக்குப் பின்னால், சுத்தி எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் நடுவே, எலும்பின் மறைப்பு எதுவும் இல்லாமல் குறுக்கே ஓடி, அப்பால் முக நரம்போடு சேர்ந்துகொள்கிறது. சுவைக்கும் கேட்டலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதபோது, சுவை நரம்பு ஏன் காதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று உடற்கூறு படிக்கும் மாணவர்கள் வியப்பதில் நியாயம் இருக்கிறது. செவிப்பறையைத் தூக்கும் மருத்துவரின் கண்ணுக்கு இது மெல்லிய வெள்ளை இழையாகத் தெரியும். சீழ் பிடித்த பகுதியைச் சுத்தம் செய்ய, இதை ஒதுக்கவோ, சில நேரங்களில் வெட்டவோ வேண்டியிருக்கும். உங்களுக்கு இது இழுபட்டிருக்கலாம், அல்லது வெட்டப்பட்டிருக்கலாம். நாக்கின் சூட்டைச் சுமக்கும் ஐந்தாவது நரம்பின் கிளை நடுச்செவிக்குள் வருவதே இல்லை. ஆகவே சூடும் சில்லிப்பும் தப்பிவிட்டன.

இரும்புச் சுவை, காயம்பட்ட நரம்பு தானாக அனுப்பும் பொய்த் தகவல் என்று கருதப்படுகிறது. மூன்று நரம்புகளும் மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் ஒரே நரம்பணுத் தொகுப்பில் வந்து சேர்கின்றன. அங்கிருந்து தகவல் மூளையின் நடுவே உள்ள தலாமஸுக்கும், பிறகு பெருமூளையின் மடிப்புக்குள் புதைந்திருக்கும் இன்சுலா பகுதிக்கும் ஏறுகிறது. நாக்கில் ஒன்றும் இல்லாதபோதும் நரம்பிலிருந்து குறிப்பு வந்தால், மூளை அதைச் சுவையாகவே எடுத்துக்கொள்கிறது. இதே கோர்டா டிம்பனிதான் தாடைக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் இயக்குகிறது என்பதால், வாய் சற்று உலர்ந்தும் போகலாம்.

இழுபட்ட நரம்பு பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தேறுகிறது. ஓராண்டு வரை ஆவதும் உண்டு. அறுவை செய்த மருத்துவரிடம் நரம்பு வெட்டப்பட்டதா என்று கேளுங்கள், குறிப்பேட்டில் எழுதியிருப்பார்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, இடது கண் மூடாமல் போனாலோ மட்டும் காத்திருக்காமல் உடனே செல்லுங்கள். அது முக நரம்பே பாதிக்கப்பட்டதன் அறிகுறி.

கேள்வி: அறுசுவையில் காரமும் ஒன்று என்கிறார்கள் வீட்டில். என் மகளின் அறிவியல் ஆசிரியரோ காரம் சுவையே அல்ல என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகர், ஆம்பூர்

பதில்: நரம்பின் கணக்கில் ஆசிரியர் சொல்வது சரி. மிளகாயில் எரிச்சல் தரும் பொருளான காப்சைசின் சுவை மொட்டுகளை நம்பிச் செயல்படுவதில்லை. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை உணரும் ஏற்பியைத் தூண்டி, ஐந்தாவது நரம்பின் வழியே எரிச்சலாகப் போய்ச் சேர்கிறது. இந்த ஏற்பியை 1997-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக் குழு கண்டறிந்தது. அவருக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய் நறுக்கிய விரலால் கண்ணைக் கசக்கினால் கண்ணும் எரிகிறதே, கண்ணில் ஏது சுவை மொட்டு? துவர்ப்பும் பெரும்பாலும் இவ்வகையே. உங்கள் ஊர்ப் பிரியாணியோடு வைக்கும் கத்தரிக்காயின் புளிப்பு மட்டும் சந்தேகமில்லாமல் மொட்டுகளின் வேலை. ஆயினும் உண்பவரின் அனுபவத்தை வகைப்படுத்தியவர்கள் நரம்பைப் பிரித்துப் பார்த்து எழுதவில்லை. வீட்டில் சொல்வதைத் தவறென்று நான் தள்ளமாட்டேன்.

கேள்வி: நுனி நாக்கில் இனிப்பு, அடி நாக்கில் கசப்பு என்ற படம் உண்மையா?
— வாசகர், ஆற்காடு

பதில்: இல்லை. மொட்டுகள் உள்ள எல்லா இடங்களிலும் எல்லாச் சுவைகளும் தெரியும்; உணர்வுத்திறனில் சிறு வேறுபாடு மட்டும் உண்டு. உங்கள் ஊர் இனிப்பான மக்கன் பேடாவை நாக்கின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: சிறுகுறிஞ்சான் இலையை மென்ற பின் சர்க்கரை மணல் போல இருக்கிறதே, நரம்பு செத்துவிடுகிறதா?
— வாசகி, ஒடுகத்தூர்

பதில்: நரம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் மொட்டுகளின் இனிப்பு ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரை அவற்றைத் தூண்டவிடாமல் செய்கின்றன. உப்பையும் புளியையும் உணர்வதற்கு வேறு வாயில்கள் இருப்பதால் அவை மாறுவதில்லை. அரை மணி நேரம் போல நீடித்து, பிறகு இனிப்பு திரும்பிவிடும்.