வீக் ஆசிட்னா பயப்பட வேணாமா?

கேள்வி: சார், பையன் பிளஸ் டூ படிக்கிறான். வினிகர் வீக் ஆசிட்னு மனப்பாடம் பண்றான். நிறைய ஊத்தினா ஸ்ட்ராங் ஆயிடாதான்னு கேட்டேன், அவனுக்கு சொல்லத் தெரியல.
– ஒரு அம்மா, தஞ்சாவூர்

பதில்: அம்மா, ஆகாது. இதுல ரெண்டு விஷயம் ஒண்ணா கலந்து கிடக்கு. தண்ணில எவ்வளவு ஆசிட் இருக்குங்கறது செறிவு, இருக்கற ஆசிட்ல எத்தனை மூலக்கூறு உடைஞ்சு ஹைட்ரஜன் அயனியை வெளில விடுதுங்கறது தான் வலிமை. நடவுக்கு 100 பேரு வந்திருக்காங்கன்னு வைங்க, 100 பேரும் வயல்ல இறங்கிட்டா அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், ஒருத்தர் மட்டும் இறங்கி மத்தவங்க வரப்புல உக்காந்திருந்தா அது வினிகர்ல இருக்கற அசிட்டிக் ஆசிட். அதனால தான் ரெண்டையும் ஒரே செறிவுல, 0.1 மோலார்ல கரைச்சா, பிஎச் (ஹைட்ரஜன் அயனி கூடக் கூட குறையற எண்) முதலாவதுக்கு 1, அசிட்டிக்குக்கு 2.9 பக்கம் வருது.

ஆனா பையனை லேப்ல இதை செஞ்சு பாக்கச் சொல்லுங்க, ரெண்டுலயும் 10 மில்லி எடுத்து காரத்துல ரோஸ் ஆகற பினாப்தலீன் விட்டு, பியூரெட்ங்கற அளவுக் குழாய்ல 0.1 மோலார் காஸ்டிக் சோடாங்கற காரத்தை இறக்கினா, ரெண்டும் ரோஸ் கலர் காட்ட அதே 10 மில்லி தான் செலவாகும். ஏன்னா இறங்கின ஆளை காரம் கூட்டிட்டுப் போகப் போக வரப்புல இருக்கறவங்க ஒவ்வொருத்தரா இறங்கிட்டே இருப்பாங்க. பிஎச் பாத்தா இப்ப வயல்ல எத்தனை பேருன்னு தான் தெரியும், மொத்தம் எத்தனை பேருன்னு இப்படி காரம் விட்டு அளக்கற டைட்ரேஷன் தான் சொல்லும். இது புரிஞ்சா அந்தப் பாடத்துல பாதி முடிஞ்சுது.

இன்னொண்ணு, இதை தயவுசெஞ்சு பையன்கிட்ட சொல்லுங்க. வீக்னா ஆபத்து இல்லைன்னு அர்த்தம் இல்ல. கடை வினிகர்ல நூத்துக்கு நாலஞ்சு பங்கு தான் அசிட்டிக் ஆசிட், அதையே தண்ணி இல்லாம எடுத்தா தோலைப் பொசுக்கிடும். ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்டும் கணக்குப்படி வீக் தான், ஆனா அது கண்ணாடியையே அரிக்கும், தோல் வழியா உள்ள போய் உடம்புல இருக்கற கால்சியத்தை பிடிச்சுக்கும், உயிரே போயிடும்.

கேள்வி: மண் பரிசோதனை அட்டைல பிஎச் 8.5னு போட்டிருக்கு. பக்கத்து வயலுக்கு 7.5. ஒண்ணு தானே கூட, விட்டுடலாமா?
– ஒரு விவசாயி, திருச்சி மாவட்டம்

பதில்: விடாதீங்கண்ணே. பிஎச்ல ஒரு எண் ஏறினா காரத்தன்மை பத்து மடங்கு, ரெண்டு ஏறினா நூறு மடங்கு. 1909ல டென்மார்க்ல கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியோட ஆய்வகத்துல இருந்த சோரன்சன்ங்கற வேதியியலாளர் தான் இந்த அளவைக் கொண்டு வந்தாரு. ஹைட்ரஜன் அயனி செறிவை 0.0000001னு சைபரா எண்ணிட்டு இருக்காம 7னு எழுதிட்டா சுலபம்ல. ஆனா எண் சின்னதாத் தெரியறதால வித்தியாசமும் சின்னதுன்னு நெனச்சுடறோம். 8.5ல மண்ணுல இரும்பும் துத்தநாகமும் இருந்தாலும் வேரால எடுக்க முடியாது, இளம் இலை மஞ்சளா வரும். சோடியம் கூடி களர் ஆயிருந்தா ஜிப்சம் போடணும், எவ்வளவுன்னு அட்டையோட வேளாண்மை ஆபீஸ்ல கேட்டுட்டுப் போடுங்க.

கேள்வி: சாம்பார் கறையில சோப்பு போட்டா சிவப்பாகுதே, சட்டை வீணா?
– ஒரு கல்லூரி மாணவி, சேலம்

பதில்: இல்லம்மா. மஞ்சள்ல இருக்கற குர்குமின் காரம் பட்டா சிவக்கும், சோப்பு காரம். ஆரத்தித் தட்டுல மஞ்சத்தண்ணில சுண்ணாம்பு விட்டதும் சிவப்பாகறதும் இதே தான். அந்த இடத்துல எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு விடுங்க, மறுபடி மஞ்சளாயிடும். அப்புறம் நல்லா அலசி வெயில்ல போட்டா கறை வெளுத்துடும். ஆனா மஞ்சள் காரத்தை மட்டும் தான் காட்டிக்குடுக்கும், ஆசிட்டான்னு பாக்கணும்னா சிவப்பு செம்பருத்தி இதழை வெந்நீர்ல ஊற வச்சு அந்தச் சாறுல விடுங்க, ஆசிட்னா அடர் ரோஸ், காரம்னா பச்சை.