தாலி இல்லை, உரிமை உண்டா?

கேள்வி: நானும் அவரும் ஏழு வருடமாகக் கோவையில் ஒரே வீட்டில் இருக்கிறோம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இருவருக்குமே அதில் பிடிப்பு இல்லை. போன மாதம் அவருக்குத் திடீரென்று குடல்வால் ஆபரேஷன். கையெழுத்துப் போடப் போனால் "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?" என்று கேட்டு, சேலத்திலிருந்து அவர் தம்பி வரும்வரை ஃபார்மையே தரவில்லை. அவருக்கு அப்பா அம்மா இல்லை. வீடு அவர் பேரில், தவணையில் பாதி நான் கட்டுகிறேன். எங்களைப் போன்றவர்களுக்கும் கணவன் மனைவிக்கு உள்ள அதே அந்தஸ்தைச் சட்டம் தந்தால் என்ன?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: முதலில் ஆஸ்பத்திரி. நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளிக்கு அவருடைய சம்மதமே போதும். தம்பிக்காகக் காத்திருக்க வைத்தது அவர்களுடைய பழக்கம், சட்டமில்லை.

சரி, அந்தஸ்துக்கு வருவோம். நம் சட்டம் உங்களைப் பாதி மனைவியாக ஏற்கெனவே பார்க்கிறது. 2005-ம் வருட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் 'திருமணம் போன்ற உறவு' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அது என்ன என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் விளக்கியது, உங்கள் ஊர்க் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய வேலுசாமி வழக்கில்தான். ஊரார் முன் கணவன் மனைவி போல இருக்க வேண்டும், கல்யாண வயது ஆகியிருக்க வேண்டும், இருவருக்கும் வேறு கல்யாணம் இருக்கக் கூடாது, கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். சனி ஞாயிறு மட்டும் வந்து போவதெல்லாம் கணக்கில் வராது. அடித்தாலோ வீட்டை விட்டுத் துரத்தினாலோ இதை வைத்து நீங்கள் கோர்ட்டுக்குப் போகலாம், ஜீவனாம்சமும் கேட்கலாம்.

ஆனால் அவர் நல்லவராகவே இருந்து, நாளைக்கே ஒன்று ஆகிவிட்டால்? இந்து வாரிசுரிமைச் சட்டப் பட்டியலில் துணைவி என்று யாரும் இல்லை. வீடு தம்பிக்குப் போகும். நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தால் கல்யாணம் ஆனதாகவே கருதலாம் என்று தீர்ப்புகள் உண்டு, அதை நிரூபிக்க நீங்கள்தான் வருடக்கணக்கில் அலைய வேண்டும். அதோடு, கல்யாணமே வேண்டாம் என்று இருந்த நீங்கள் அங்கே போய் 'நான் அவர் மனைவி' என்று சொல்லியாக வேண்டும்!

என்னைக் கேட்டால் முழு அந்தஸ்து வேண்டாம். தாலி வேண்டாம் என்று யோசித்து முடிவெடுத்தவர்களைச் சில வருடம் கழித்து அரசாங்கமே தம்பதி என்று பதிவு செய்வது என்ன நியாயம்? உத்தராகண்டில் 2025 ஜனவரியில் வந்த பொது சிவில் சட்டத்தைப் பாருங்கள். சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு மாதத்துக்குள் பதிய வேண்டும், தவறினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டுமே. 21 வயது ஆகவில்லை என்றால் பெற்றோருக்குத் தகவல் வேறு. கைவிடப்பட்ட பெண்ணுக்கு ஜீவனாம்சம், குழந்தைக்கு முழு உரிமை என்று நல்லதும் அதில் இருக்கிறது, ஆனால் கூடவே போலீஸ் வேலையும் வருகிறது. குழந்தைக்கும், வீட்டுக்கும், கைவிடப்பட்டவருக்கும் பாதுகாப்பு இருந்தால் போதும், மற்றதை அவரவர் எழுதிக்கொள்ளட்டும்.

நீங்கள் அதை இந்த வாரமே செய்யுங்கள். தவணைப் பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். அப்புறம் அவரை ஒரு உயில் எழுதச் சொல்லுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும். நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள், நாளைக்கு உயில் மேலேயே சந்தேகம் கிளப்ப இடம் கொடுக்கும். ஒரு சாட்சியாகச் சேலத்துத் தம்பியையே கூப்பிடுங்கள், நாளைக்கு வழக்குப் போடக்கூடிய ஆள் அவர்தானே.