பழைய குற்றத்தீர்ப்பும் புதிய வாகனக் குற்றமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இப்பதில்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு. அடிப்படைச் சட்டம் 1974ஆம் ஆண்டின் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம். அதன்படி குறிப்பிட்ட காலம் கழிந்தால் ஒரு குற்றத்தீர்ப்பு காலாவதியாகிறது, அதாவது பெரும்பாலும் அதை யாரிடமும் தெரிவிக்க வேண்டியதில்லை. வயதுவந்தோருக்கு அதன் கீழ் 2023 அக்டோபர் 28 முதல் நடைமுறையில் உள்ள காலவரையறைகளைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறேன். அதற்கு முந்தைய தீர்ப்புகளுக்கும் அவையே பொருந்தும்.

கேள்வி: 2023 ஜூனில் ஓர் அடிதடி வழக்கில் எனக்கு எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்து, அதை இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தார்கள். 2024 நவம்பரில் அதிவேகமாக ஓட்டியதற்காக நீதிமன்றத்தில் அபராதமும் தண்டப் புள்ளிகளும் கிடைத்தன. இதனால் பழைய தீர்ப்பு காலாவதியாவது தள்ளிப்போகுமா? (ஈஸ்ட் ஹாம்)

பதில்: தள்ளிப்போகாது. நிறுத்திவைத்த இரண்டு ஆண்டுகளைப் பலர் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். சட்டம் பார்ப்பது விதிக்கப்பட்ட எட்டு மாதங்களையே. அதனுடன், தண்டனைக்குப் பின் சட்டம் கேட்கும் பன்னிரண்டு மாதங்களைக் கூட்டினால் 2025 பிப்ரவரியில் உங்கள் பழைய தீர்ப்பு காலாவதியாகிறது. ஒரு தீர்ப்பின் காலம் முடிவதற்குள் மற்றொரு குற்றத்தீர்ப்பு வந்தால் பழையதும் புதியதுடன் சேர்ந்து நீளும் என்பது பொது விதிதான். ஆனால் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் மட்டுமே விசாரிக்கத்தக்க குற்றங்களுக்கு அவ்விதி பொருந்தாது. அதிவேகம் அவ்வகையைச் சேர்ந்தது. காப்பீடின்றி ஓட்டுதல், கவனக்குறைவாக ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், தகுதிநீக்கக் காலத்தில் (நீதிமன்றம் ஓட்டத் தடை விதித்த காலத்தில்) ஓட்டுதல் ஆகியவையும் அப்படியே.

புதிய தீர்ப்புக்குத் தனிக் கணக்கு உண்டு. அபராதத்துக்கு ஓராண்டு, புள்ளிகளுக்கு மூன்றாண்டு, உரிமப் பதிவில் ஏறும் குற்றக்குறிப்புக்கு ஐந்தாண்டு என்று இருப்பதில் நீண்டதே செல்லும் என்பதால், அது 2029 நவம்பர் வரை உயிரோடு இருக்கும். நிறுத்திவைத்த காலத்துக்குள் செய்தது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்திருந்தால் அந்த எட்டு மாதத் தண்டனையே அமலுக்கு வந்திருக்கக்கூடும். அதிவேகத்துக்குச் சிறை கிடையாது என்பதால் அந்த ஆபத்து உங்களுக்கு இல்லை.

கேள்வி: 2023 மார்ச்சில் மோசடிக்காக ஒன்பது மாதச் சிறை பெற்றேன். 2024 அக்டோபரில் அபாயகரமாக வாகனம் ஓட்டியதாகத் தீர்ப்பாகி, நிறுத்திவைக்கப்பட்ட ஆறு மாதத் தண்டனையும் தகுதிநீக்கமும் கிடைத்தன. வழக்கு மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்திலேயே முடிந்தது. ஆகவே பழையது நீளாதுதானே? (ஹாரோ)

பதில்: துரதிர்ஷ்டவசமாக நீளும். வழக்கு எந்த நீதிமன்றத்தில் முடிந்தது என்பதைச் சட்டம் கேட்பதில்லை. எங்கே விசாரிக்க இயலும் என்பதையே கேட்கிறது. அபாயகரமாக ஓட்டுதல், கடுமையான வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் நீதிமன்றத்துக்கும் செல்லத்தக்க குற்றம். ஓட்டியதால் மரணம் விளைவித்தலும் அத்தகையதே.

மோசடித் தீர்ப்பு தனியாக இருந்திருந்தால் 2024 டிசம்பரில் காலாவதியாகியிருக்கும். அதற்கு இரண்டு மாதம் முன்பு புதிய தீர்ப்பு வந்துவிட்டதால், குறைந்தது 2026 ஏப்ரல் வரை, அதாவது ஆறு மாதமும் பன்னிரண்டு மாதமும் கழியும்வரை, அது காலாவதியாகாது. தகுதிநீக்கத்தின் நீளம் எவ்வளவு ஆனாலும் அதைக் கொண்டு பழைய தீர்ப்பை நீட்டக்கூடாது என்று சட்டமே தடுத்திருக்கிறது. நீதிமன்றத்தில் தீர்ப்புப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். குற்றத்தின் பெயருக்குக் கீழே சிறை, தகுதிநீக்கம், குற்றக்குறிப்பு ஒவ்வொன்றும் தனி வரியில் இருக்கும், ஒவ்வொரு வரிக்கும் தனிக் காலம் உண்டு. அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து கணக்கிட்டு, வேலை விண்ணப்பத்தில் "இல்லை" என்று எழுதிச் சிக்கிக்கொண்டவர்களைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன். புதிய குற்றம் செய்த நாளைவிடத் தீர்ப்பான நாளே முக்கியம். பழையது ஏற்கெனவே காலாவதியாகியிருந்தால் புதிய தீர்ப்பு அதை மீண்டும் உயிர்ப்பிக்காது.

கேள்வி: 2019இல் குடித்துவிட்டு ஓட்டியதற்கு அபராதமும் பதினெட்டு மாதத் தகுதிநீக்கமும் பெற்றேன். ஓட்டுநர் உரிமங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவின் இணையதளத்தில், அக்குற்றத்துக்கான குறியீடான டிஆர்10 இன்னும் தெரிகிறது. காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்ல வேண்டுமா? (டூட்டிங்)

பதில்: வேண்டாம். டிஆர்10 பதினோரு ஆண்டு பதிவில் நிற்பதற்குக் காரணம், பத்தாண்டுக்குள் மறுபடி அதே குற்றம் செய்தால் குறைந்தது மூன்றாண்டுத் தகுதிநீக்கம் என்ற விதி. பதிவில் தெரிவதும் சட்டப்படி உயிரோடு இருப்பதும் ஒன்றல்ல. உங்கள் தீர்ப்பு ஐந்தாண்டில், 2024இல் காலாவதியாகிவிட்டது. நிறுவனம் கேட்டாலும் நீங்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவரல்லர்.

கேள்வி: நீதிமன்றம் போகாமல் அபராதச் சீட்டுக்குப் பணம் கட்டினேன். அதுவும் சேருமா?

பதில்: உரிமத்தில் புள்ளி ஏறியிருந்தால், இச்சட்டத்துக்காக அது தீர்ப்பைப் போலவே கருதப்பட்டு ஐந்தாண்டு நிற்கும்.

கேள்வி: வாடகைக்கார் ஓட்டுநர் உரிமத்துக்கும் பிரிட்டிஷ் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கிறேன். காலாவதியானதை மறைக்கலாமா?

பதில்: இரண்டிலும் கூடாது. வாடகைக்கார் ஓட்டுநர் வேலை, காலாவதியான தீர்ப்புகளையும் கேட்கத்தக்க வேலைகளைக் குறிக்கும் 1975ஆம் ஆண்டின் விதிவிலக்கு ஆணைக்குள் அடங்குகிறது. அங்கே டிபிஎஸ் எனும் குற்றப் பின்னணிச் சான்றிதழில் வடிகட்டி நீக்கப்படும் பழைய தீர்ப்புகளைத் தவிர மற்றவை தெரியவரும். குடியேற்ற, குடியுரிமை முடிவுகளுக்கு 2012 அக்டோபர் 1 முதல் இச்சட்டத்தின் பாதுகாப்பே கிடையாது. எல்லாத் தீர்ப்புகளையும், மிகப் பழையதானாலும், எழுதுங்கள்.