கீபோர்டு கேள்வி-பதில்: ‘ஆல்ட்’ என்று மட்டும் போட்டிருந்தால்?

மாதா கோயில் பாடல் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். ஜாஸ் பழகலாம் என்று ஒரு புத்தகம் வாங்கினேன். அதில் ‘ஜி7 ஆல்ட்’ என்று இருக்கிறது. எந்தக் கீயை அழுத்துவது என்று ஒரு வார்த்தை இல்லை.
வாசகர், பாபநாசம்

‘ஆல்ட்’ என்றால் ‘ஆல்டர்டு’, மாற்றியது. எதை மாற்றுவது என்று சொல்லாமல் விட்டதே உங்கள் இஷ்டத்துக்குத்தான். ஜி, பி, டி, எஃப் சேர்ந்து ஒலிக்கும் கார்டு (chord) ஜி7. அதற்கு உயிர் பி, எஃப் இரண்டும். அவற்றில் கை வைக்கக் கூடாது. ஜி-யிலிருந்து எண்ணினால் ஐந்தாவதான டி, ஒன்பதாவதான ஏ, இவற்றை மட்டும் அரை ஸ்வரம் ஏற்றலாம், இறக்கலாம். டி நகர்ந்தால் டி பிளாட் அல்லது ஈ பிளாட். ஏ நகர்ந்தால் ஏ பிளாட் அல்லது பி பிளாட். இந்த நாலில் எதை எடுப்பது என்பது வாசிப்பவர் பாடு.

எல்லாவற்றையும் சேர்த்து அமுக்காதீர்கள், சேறாகிவிடும். இடது கையில் நடு சி-க்குக் கீழே எஃப், பி. வலது கையில் ஈ பிளாட், ஏ பிளாட். ஜி எங்கே என்பீர்கள். அது பேஸ் கிடார்காரர் வேலை. தனியாக வாசித்தால் கீழே ஒரு ஜி தட்டி, பெடலில் பிடித்துக்கொண்டு மேலே வாருங்கள்.

இதை மட்டும் கேட்டால் பல் கூசும். முன்னும் பின்னும் வைத்துக் கேளுங்கள். முதலில் டி மைனருக்கு எஃப், சி, ஈ, ஏ. அப்புறம் நம் எஃப், பி, ஈ பிளாட், ஏ பிளாட். கடைசியில் சி மேஜருக்கு ஈ, பி, டி, ஜி. மேல் விரலைக் கவனியுங்கள்: ஏ, ஏ பிளாட், ஜி. எங்கள் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் தண்ணீருக்கு இறங்குகிற மாதிரி ஒவ்வொரு படி. அதற்குக் கீழே ஈ, ஈ பிளாட், டி என்று இன்னொரு விரலும் கூடவே இறங்கும். கூசிய பல் அங்கே சரியாகிவிடும்.

ஒன்று. பாட்டு டி-யிலோ ஏ-யிலோ நிற்கும் இடத்தில் இதை வைக்காதீர்கள். தஞ்சாவூரில் ஒரு கல்யாண வரவேற்பு. பாடகி டி-யை நீட்டிப் பிடித்திருந்தார். புதிதாகக் கற்ற ஜோரில் நான் ஈ பிளாட்டைக் கீழே வைத்தேன். மைக்கை இறக்கிவிட்டு அவர் என்னைப் பார்த்தாரே! அன்று சாதா ஜி7 போதுமாயிருந்தது.

இந்த ஆல்டர்டு ஸ்கேலுக்கு நம் சங்கீதத்தில் ராகம் உண்டா?
வயலின் மாணவி, கும்பகோணம்

நேராக இல்லை. ஜி, பி, எஃப், மேலே சொன்ன நாலு, ஆக ஏழு ஸ்வரம்தான் அந்த ஸ்கேல். ஜி-யை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள்: சுத்த ரிஷபம், இரண்டு காந்தாரமும், பிரதி மத்யமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். பஞ்சமமே கிடையாது. பஞ்சமம் இல்லாமல் மேளகர்த்தா என்கிற தாய் ராகப் பட்டியலில் எங்கே இடம் கொடுப்பது?

ஆனால் ஏ பிளாட்டை ஸட்ஜமாக்கி கௌரிமனோகரி வாசியுங்கள். அதே ஏழு ஸ்வரம்! அதன் நிஷாதம்தான் நம் ஜி. 23-வது மேளம்; தியாகராஜரின் ‘குருலேக எடுவண்டி’ பாடமாகியிருக்கும். கிரக பேதத்தில், அதாவது ராகத்தின் வேறொரு ஸ்வரத்தை ஸட்ஜமாக்கி வாசித்தால், அதன் ரி நாடகப்ரியாவையும், ம வாசஸ்பதியையும், ப சாருகேசியையும் கொடுக்கும். நி கொடுப்பதை ஜாஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கமகம் மட்டும் வேண்டாம், பியானோவில் எப்படியும் வராது.

எங்கள் பேஸ் கிடார்காரர் ஜி-க்குப் பதில் டி பிளாட் வாசித்துவிட்டார். தப்பாகவே தெரியவில்லையே?
வாசகர், மயிலாடுதுறை

தெரியாதுதான். டி பிளாட்7-க்கும் உயிர் அதே எஃப், பி. மேலே பாபநாசத்துக்காரருக்குச் சொன்ன நாலு ஸ்வரத்தை அப்படியே வைத்துக்கொண்டு கீழே டி பிளாட் தட்டுங்கள். விரல் அசையாமலே அது டி பிளாட்9 ஆகிவிடும். டி, டி பிளாட், சி என்று பேஸும் படியிறங்கும். அவர் தெரிந்து செய்தாரா, கை தவறியதா என்று கேட்காதீர்கள். அடுத்த ஒத்திகையிலும் அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள்.